பெய்த நாளும் அளந்த நாளும்

என்னிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டது நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு. ஆண்டைக் குறிப்பிடவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இந்த மலையில்தான் இருக்கிறார்கள். சென்ற மாதம் நம் சபையில் இதைச் சாட்சியாகச் சொல்ல எழுந்தேன். பாதியில் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். பேசுவதைவிட எழுதுவதுதான் எனக்குப் பழக்கமான வேலை.

என் பெயர் தேவசகாயம். மாரமங்கலம் போகும் பாதையில் உள்ள ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். ஆட்களின் பேர் எழுதுவதும், கடிதங்களைக் கவனிப்பதும், கேட் சாவிகளைப் பொறுப்பாக வைத்திருப்பதும் என் வேலை. தினமும் காலை எட்டு மணிக்கு ஆபீசுக்கு முன்னால் இருக்கும் மழைமானியிலுள்ள தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, எத்தனை இஞ்சு, எத்தனை சென்ட் (இஞ்சில் நூறில் ஒரு பங்கு) என்று அளந்து எழுதுவேன். எஸ்டேட் ரிஜிஸ்டரில் ஒருமுறை, வீட்டில் என் சொந்த டைரியில் ஒருமுறை. பத்தொன்பது வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். இப்போது எனக்கு ஐம்பத்து மூன்று.

அந்த அக்டோபரில், கரடியூர் பக்கத்துச் சரிவில் ஒரு பெரிய ஈட்டி மரத்தை யாரோ அறுத்துக் கொண்டுபோயிருந்தார்கள். அது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிய வந்தது. அடிக்கட்டையைச் சுற்றிப் புல்கூட முளைத்துவிட்டது. லாரி வந்துபோக அங்கே ஒரே வழிதான் உண்டு, கீழ்கேட். பூட்டு உடைபடவில்லை. சாவி என்னிடம் மட்டுமே இருந்தது.

மேனேஜர் எங்கள் இருவரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். இன்னொருவர் மாது, காவல்காரர். துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாது, நீ என்ன பார்த்தே?"

"பெருமழை பேஞ்சுச்சுங்களே, அன்னைக்குங்க. சாயங்காலம் மழை விட்டதும் ரவுண்டு வந்தனுங்க. கீழ்கேட்டுல சங்கிலி தொங்கிட்டு இருந்துச்சுங்க. ரைட்டரய்யாதானுங்க கடைசியா தொறந்தாரு. திரும்பி வந்து பூட்டுவாருன்னு உட்டுட்டனுங்க. காலையில பாத்தா அப்படியே கெடந்துச்சு. நானே பூட்டை அமுக்கிட்டனுங்க."

"என்ன தேதி?"

"தேதி கீதியெல்லாம் எனக்கென்னங்க தெரியும்? பெருமழை அன்னைக்குங்க."

எனக்கு உள்ளுக்குள் ஒரு தைரியம் இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் டைரியை எடுத்து வந்தேன். அக்டோபரில் அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் தவறாமல் மழை. அதில் பெருமழை என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். வியாழக்கிழமைப் பக்கத்தின் தலைப்பில் எழுதியிருந்தேன்: மழை 3 இஞ்சு 70 சென்ட். அதற்குக் கீழே: காலை 8.20 பஸ்ஸில் சேலம். பல் டாக்டர். ராத் தங்கல் தங்கை வீட்டில்.

"பாருங்க சார். வியாழக்கிழமை நான் மலையிலேயே இல்லை" என்றேன்.

மேனேஜர் டைரியை வாங்கிப் பார்க்கவில்லை. "நான் உங்களைத் திருடன்னு சொல்லல, தேவசகாயம். போலீசுக்கும் போகல. சாவியை மட்டும் குடுத்துடுங்க" என்றார்.

கொடுத்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. வேலை போகவில்லை, வீடு போகவில்லை. ஆனால் பேர் போய்விட்டது. அந்த வாரம், சந்தை கூடும் ஒண்டிக்கடை முக்குக்குப் போனபோது டீக்கடையில் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்: "ஏனுங்க ரைட்டரு, ஊட்டுக்குக் கட்டில் வந்துருச்சுங்களா? ஈட்டிக் கட்டில்னா நூறு வருசம் கெடக்குமாமுங்க!" கடை முழுக்கச் சிரித்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன். சபையில் ஞாயிறுதோறும் பாடம் வாசிப்பவன் நான். போதகர் எதுவும் கேட்கவில்லை. இருந்தும், எத்தனை பேர் என் கையைப் பார்க்கிறார்களோ என்ற கூச்சத்தில் வாசிப்பதை நானே நிறுத்திக்கொண்டேன்.

மாது பொய் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கையெழுத்தே சாட்சி. மரம் கடத்தியவர்களுக்கு அவரே கேட்டைத் திறந்துவிட்டிருப்பார் என்றுகூட முடிவு கட்டினேன்.

அன்று முதல் டைரியின் பின்பக்கங்களில் மாதுவைப் பற்றி எழுதத் தொடங்கினேன். எந்த நாள் பிந்தி வந்தார், எந்த நாள் ரவுண்டு போகாமல் புகைக்கொட்டாய் நெருப்பில் குளிர் காய்ந்தார், எந்த நாள் அவர் மூச்சில் சாராய வாடை அடித்தது. நாள், மணி, இடம் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஒரே மாதத்தில் பதினான்கு குறிப்புகள் சேர்ந்தன. அவற்றையெல்லாம் தொகுத்து, மெட்ராசில் இருக்கும் எஸ்டேட் முதலாளிக்கு ஒரு மனு எழுதினேன். முதல் குற்றச்சாட்டு, வியாழக்கிழமைப் பொய். மாது அப்போது தற்காலிக ஆள். வேலை நிரந்தரமானால்தான் எஸ்டேட் கொடுத்த லைன் வீடு அவருக்கு நிற்கும். ஜனவரியில் அது முடிவாக இருந்தது. என் மனு போய்ச் சேர்ந்தால் வேலையும் வீடும் ஒன்றாகப் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அவர் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு அந்த வீட்டுக்கு வந்திருந்ததும் தெரியும்.

இத்தனைக்கும் நடுவில் ஜெபத்தை விடவில்லை. தினமும் காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, யார் சொன்னது பொய் என்று நீரே வெளிப்படுத்தும்" என்று கேட்பேன். எழுந்ததும் மனுவை எடுத்து ஒரு சொல்லைத் திருத்துவேன்.

என் மனைவி கிரேஸ் எஸ்டேட் ஆயாக்கொட்டாயில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் நான் மனுவை மூன்றாவது முறையாக நகல் எடுத்துக்கொண்டிருந்தபோது அரிசி புடைத்தபடியே கேட்டாள்:

"ஏனுங்க, கேஸைக் கர்த்தர்கிட்டக் குடுத்துட்டீங்களா, இல்லீங்களா?"

"குடுத்துட்டேன்."

"அப்பறம் ஏன் நீங்களே வாதாடிட்டு இருக்கறீங்க? ஒரே கேஸுக்கு ரெண்டு வக்கீலுங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. பழிவாங்குதல் தம்முடையது என்று கர்த்தர் சொல்லியிருப்பதை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவன் நான். இவளா எனக்குச் சொல்வது என்று நினைத்தேன். ஆனால் பேனா நகரவில்லை. மூன்று நாள் அந்தக் கேள்வியோடு இருந்தேன். டிசம்பர் இரண்டாவது சனிக்கிழமை மத்தியானம், மனுவை நான்காக மடித்து வேதாகமத்துக்குள் வைத்து, "இது உம்முடையது. நான் அனுப்ப மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நான் மன்னிக்கவில்லை. அன்பினால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. என் அடியைவிடக் கர்த்தருடைய அடி பலமாக விழும் என்றுதான் விட்டேன். சாட்சி சொல்ல எழும் பலர் இந்த இடத்தில் சமாதானம் வந்தது என்பார்கள். எனக்கு வரவில்லை. வேடிக்கை பார்க்கப் போகிறவனைப் போலக் காத்திருந்தேன்.

பத்து நாள் கழித்து, கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம், காலை பதினொரு மணி இருக்கும். நான் ஆபீசில் இருந்தேன். மாது மேல்மூச்சு வாங்க ஓடி வந்து வாசலில் நின்றார். மேனேஜரைத் தேடினார், அவர் இல்லை. என்னைப் பார்த்ததும் தயங்கினார். பிறகு சொன்னார்:

"ரைட்டரய்யா, புள்ளைக்கு விடியக்காலத்துலருந்து வலிங்க. கொழந்த தலை திரும்பலையாமுங்க. நொம்ப ரத்தம் போகுது. சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க. ஜீப்பு வேணுமுங்க."

சகோதரரே, சகோதரியே, அந்த நொடியில் என் மனதில் முதலில் தோன்றியதை எழுதக் கை கூசுகிறது. ‘கர்த்தர் ஆரம்பித்துவிட்டார்’ என்று நினைத்தேன். சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. அளந்து எதிர்பார்த்தது வந்து சேர்ந்ததும் ரைட்டருக்கு வருமே, ஒரு திருப்தி, அதுதான்.

அடுத்த நொடியே என்னைக் கண்டு நானே பயந்தேன். எதிரே நிற்பவர் என் எதிரியாகத் தெரியவில்லை. மகளுக்காக ஓடி வந்த ஒரு தகப்பன் நின்றார். ஒரு பெண்ணின் ரத்தத்தையும் பிறக்காத ஒரு பிள்ளையையும் என் வழக்குக்குத் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ள நான் தயாராக இருந்திருக்கிறேன். கர்த்தர் அப்படிப்பட்டவர் என்று நான் எப்போது நம்பத் தொடங்கினேன்?

நானே ஓடிப்போய் டிரைவரைக் கூப்பிட்டேன். ஆயாக்கொட்டாயிலிருந்து கிரேஸ் கம்பளியோடு வந்து ஜீப்பில் ஏறினாள். செல்வியின் தலையை மடியில் வைத்து, "பயப்படாத கண்ணு, மூச்சை இழுத்து உடு, சேலம் வந்துரும் சாமி" என்று சொல்லிக்கொண்டே போனாள். சேலம் போய்ச் சேர மலை இறங்கும் வளைவுகள் அத்தனையும் கடக்க வேண்டும். ஜீப் சத்தம் அடங்கும்வரை வாசலிலேயே நின்றேன். பிறகு ஆபீஸ் கதவைச் சாத்தி முழங்காலில் விழுந்தேன். மாதுவின் வீட்டுக்காக நான் ஜெபித்தது அதுவே முதல் முறை. "ஆண்டவரே, என் கேஸை எடுத்துக்கொள்ள வேண்டாம். தள்ளிவிடும். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும்." இதைத் தவிர வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாலை நாலரை மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். அன்றைய டைரியில் அந்த ஒரு வரியைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் மனுவை எடுத்து அடுப்பில் போட்டேன்.

கர்த்தர் அதோடு விடவில்லை. நான் நவம்பர் முழுவதும் கேட்ட ஜெபம் ஒன்று பாக்கி இருந்தது. யார் சொன்னது பொய் என்று வெளிப்படுத்தும்படி கேட்டிருந்தேன் அல்லவா?

ஜனவரி முதல் வாரத்தில் மழைக் கணக்கு முடிக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்து மழையைக் கூட்டி முதலாளிக்கு அனுப்புவது வழக்கம். எஸ்டேட் ரிஜிஸ்டரில் அக்டோபர் மாதத்துக்கு வந்தேன். வியாழக்கிழமைக்கு எதிரே நாற்பது சென்ட் என்று இருந்தது. மூன்று இஞ்சு எழுபது சென்ட், புதன்கிழமைக்கு எதிரே இருந்தது. வியாழக்கிழமை அளவு, நான் சேலத்தில் இருந்தபோது ஆபீசில் அளந்து வைத்ததைத் திரும்பி வந்து நானே ஏற்றியது; இரண்டும் என் கையெழுத்தே.

தவறு எங்கே என்று தேடவே தேவையில்லை. பார்த்ததும் புரிந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு அளக்கும் தண்ணீர், முந்தைய நாள் எட்டு மணியிலிருந்து பெய்தது. வியாழன் காலை நான் அளந்தது புதன் சாயங்காலம் பெய்த மழை. முன்பெல்லாம் அளந்த நாளில்தான் எழுதுவோம். இந்த மேனேஜர் வந்த பிறகு, பெய்த நாளில் எழுதச் சொன்னார். எஸ்டேட் ரிஜிஸ்டரில் அப்படி மாற்றிக்கொண்டேன். சொந்த டைரியில் முப்பது வருஷப் பழக்கத்தை விடவில்லை. எதிரி கிடைத்த ஆத்திரத்தில் ஒரு புத்தகத்தை மட்டும் பார்த்தேன். என் பக்கம் பேசிய புத்தகத்தை மட்டும்.

மாது சொன்ன பெருமழை நாள் புதன்கிழமை. புதன்கிழமை நான் மலையில்தான் இருந்தேன்.

டைரியில் புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். மாலை 5.40. அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் கம்புகளோடு கோயில் ஜீப் வந்தது. மேல்பாதையில் மரம் விழுந்ததால் கீழ்கேட்டைத் திறந்தேன். சேற்றில் தள்ள வேண்டியதாயிற்று. குடை உடைந்தது. ஜீப்பிலேயே கோயிலுக்குப் போனேன். அவ்வளவுதான் எழுதியிருந்தது. கேட்டைத் திறந்த மற்ற எல்லா நாளும் ‘திறந்தேன், பூட்டினேன்’ என்று சேர்த்தே எழுதுவேன். அன்று ‘பூட்டினேன்’ இல்லை.

மாது பொய் சொல்லவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். பொய்யன் என்று ஒருவர் வெளிப்பட்டார் என்றால் அது நான்தான். அதுவும் வேண்டுமென்றே சொன்ன பொய் அல்ல. சுத்தமான கையெழுத்தில், சரியான அளவில், முழு நம்பிக்கையோடு சொன்ன பொய். அந்த மனு தபாலில் போயிருந்தால், உண்மையைச் சொன்ன ஒருவரை அவர் மகளோடும் பத்து நாள் குழந்தையோடும் தெருவில் நிறுத்தியிருப்பேன். நிறுத்திவிட்டு ஸ்தோத்திரப் பிரார்த்தனையும் வைத்திருப்பேன்.

மறுநாள் காலை லைன் வீட்டுக்குப் போனேன். மாது வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். டைரியையும் ரிஜிஸ்டரையும் திறந்து காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மனு எழுதியதையும் மறைக்கவில்லை. அவர் கோடரியைக் கட்டையில் ஊன்றினார். மனு என்றதும் முகம் சுருங்கியது.

"ஊட்டையே காலி பண்ணிருப்பீங்களா, ரைட்டரய்யா?"

"ஆமாம்."

"பச்சக் கொழந்தையோடவா?"

"ஆமாம், மாது."

குனிந்து பிளந்த விறகை எடுத்து அடுக்கினார். பிறகு சொன்னார்: "நாங்க மழைய வெச்சு நாளச் சொல்றவங்க. நீங்க நாள வெச்சு மழையச் சொல்றீங்க. நாளு தப்பிப்போகுமுங்க. மழை தப்பாதுங்க." கடைசியில், "அன்னைக்கே நான் பூட்டை அமுக்கியிருக்கோணும். எம் பேர்லயும் தப்பு இருக்குதுங்க" என்றார். உள்ளே திரும்பி, "அம்முணி, ரைட்டரய்யாவுக்குக் காப்பி கொண்டா" என்று குரல் கொடுத்தார். செல்வி மெல்ல நடந்து வந்து காப்பியைக் கொடுத்தாள். அதைக் குடிப்பது கஷ்டமாக இருந்தது. குடித்தேன்.

அங்கிருந்து நேராக மேனேஜரிடம் போனேன். கேட்டைப் பூட்டாமல் விட்டது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "இதை நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே" என்றார். "எனக்குத் தெரியும் சார்" என்றேன். சாவிக்கொத்து திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. கீழ்கேட் சாவியை மாதுவிடம் கொடுத்தார்கள். ஜனவரி கடைசியில் அவர் வேலை நிரந்தரமாயிற்று. அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் நான். இப்போது கீழ்கேட் வழியாகப் போக வேண்டுமென்றால் மாதுவைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் சிரிக்காமல் சொல்வார்: "நீங்க போங்க, நான் பூட்டிக்கறனுங்க. நீங்க பூட்ட வேண்டாம்."

மரத்தை வெட்டியவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. ஒண்டிக்கடையில் இன்னமும் யாராவது, "நீங்க யாரச் சந்தேகப்படறீங்க?" என்று கேட்பார்கள். யாரையும் இல்லை என்பேன். அது உண்மை. ஒரு பெயர் மனதில் எழும்போதெல்லாம் அந்த டிசம்பர் காலை நினைவுக்கு வருகிறது. ஆபீஸ் வாசலில் நின்ற தகப்பனைப் பார்த்து எனக்கு வந்த திருப்தி நினைவுக்கு வருகிறது. தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று நான் அன்று கற்றேன். என் வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் என்பதால் மட்டும் அந்தத் தகுதி வந்துவிடாது. மறைவில் நடந்ததையும், மனதில் நடந்ததையும், பெய்த நாளையும் அளந்த நாளையும் ஒருசேரப் பார்க்கிறவர் ஒருவரே இருக்கிறார். அவர் என் வழக்கை எடுத்து எனக்கு எதிராகத் தீர்த்தார். அதுவே அவர் எனக்குச் செய்த பெரிய இரக்கம். ஒரு குடும்பத்தை என் கையிலிருந்து காப்பாற்றினார். என்னையும் அதே கையிலிருந்து காப்பாற்றினார். அவருக்கு என் நன்றி, நான் உயிரோடு இருக்கும் நாள்வரைக்கும்.

சபையில் இப்போது மறுபடியும் பாடம் வாசிக்கிறேன்.

இதைப் படிக்கும் உங்களுக்கும் யார்மீதாவது ஒரு வழக்கு இருக்கலாம். அநியாயம் உண்மையாகவே நடந்திருக்கலாம். அதற்கான ஆதாரமும் உங்கள் கையில் இருக்கலாம். அதை உள்ளபடியே அவர் முன் வையுங்கள். கோபம் ஆறவில்லை என்றால் ஆறாத கோபத்தோடேயே வையுங்கள். நான் அப்படித்தான் வைத்தேன், அவர் தள்ளவில்லை. வைத்த பிறகு கையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆதாரம் பிழையில்லாதது என்று உங்களுக்குத் தோன்றும். என்னுடைய டைரியிலும் ஒரு எழுத்துப் பிழை இல்லை.